எம்ஆர்என்ஏ லிப்பிட் நானோதுகள் தடுப்பூசியின் நிலைத்தன்மையும் வீரியமும்: முதல் ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எம்ஆர்என்ஏவைச் சுமக்கும் கொழுப்புத் துகளின் அளவு 80 நானோமீட்டர். ஆர்என்ஏவில் 95 விழுக்காடு துகளுக்குள் பத்திரமாகப் பொதிந்திருக்கிறது. செறிவும் லேபிளில் உள்ளபடியே. இத்தனையும் சரியாக இருக்கும் ஒரு குப்பி, செல்லுக்குள் போனதும் எதிர்பார்த்த புரதத்தில் பாதியைத்தான் தரக்கூடும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளோடு வேலை செய்யத் தொடங்குபவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான்.

ஆகவே நிலைத்தன்மை ஆய்வைத் திட்டமிடும்போது வீரியச் சோதனையை, அதாவது செல்லுக்குள் எவ்வளவு புரதம் உருவாகிறது என்று பார்க்கும் செல் சோதனையை, மையமாக வையுங்கள். வீரியம் குறைந்தால் ஏன் குறைந்தது என்று விளக்கவே மற்ற அளவீடுகள். பல ஆய்வகங்களில் இது தலைகீழாக நடக்கிறது: எளிதான அளவீடுகளை வாரந்தோறும் எடுக்கிறார்கள், செல் சோதனையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்போது வீரியம் விழுந்திருப்பது தெரிந்தாலும் எந்த வாரத்தில் விழுந்தது என்று சொல்ல வழி இருக்காது.

எவையெல்லாம் கெடுகின்றன

துகளில் நான்கு லிப்பிடுகள் உள்ளன: அயனியாகும் லிப்பிட், டிஎஸ்பிசி என்ற பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) இணைந்த லிப்பிட். மாடர்னாவின் ஸ்பைக்வாக்ஸ் தடுப்பூசியில் இவற்றின் மோல் விகிதம் 50:10:38.5:1.5, ஃபைசர்-பயோஎன்டெக்கின் கோமிர்னாட்டியில் 46.3:9.4:42.7:1.6. இந்த நான்கும் சேர்ந்து எம்ஆர்என்ஏவைச் சுற்றிக்கொள்கின்றன. கெடுதல் மூன்று இடங்களில் நடக்கலாம்: ஆர்என்ஏ இழையில், லிப்பிடுகளில், துகளின் கட்டமைப்பில்.

ஆர்என்ஏ தானாகவே அறுபடும். அதற்கு நொதி தேவையில்லை. ரைபோஸ் சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் குழு பக்கத்துப் பாஸ்பேட் பிணைப்பைத் தாக்கி இழையை அறுக்கிறது. நீர், வெப்பம், கூடுதல் பிஎச், மக்னீசியம் அயனி ஆகியவை இதை விரைவுபடுத்தும். கவலைக்குரிய விஷயம், நீளமான இழையில் ஒரே ஒரு அறுபடல் போதும், முழுப் புரதம் உருவாகாது.

இதை எண்ணில் பார்த்துவிடுவது நல்லது. பத்தாயிரம் பிணைப்புகளுக்கு ஒன்று வீதம் அறுந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோமிர்னாட்டியின் முதல் எம்ஆர்என்ஏ 4,284 நியூக்ளியோடைடு நீளம். அந்த நீளத்தில் முழுதாக எஞ்சும் இழைகள் சுமார் 65 விழுக்காடு. அதே கெடுதல் வீதத்தில் 1,000 நியூக்ளியோடைடு நீளமுள்ள இழை என்றால் 90 விழுக்காடு எஞ்சும். ஆகவே லூசிஃபெரேஸ் போன்ற குட்டையான எம்ஆர்என்ஏவை வைத்து ஃபார்முலேஷனைச் சோதித்து, அந்த ஆயுட்காலத்தை நீளமான ஆன்டிஜென் எம்ஆர்என்ஏவுக்கு அப்படியே எழுதிவிடாதீர்கள்.

லிப்பிடுகளின் கெடுதல் இன்னும் நுட்பமானது. அயனியாகும் லிப்பிடின் மூன்றாம்நிலை அமீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து என்-ஆக்சைடு ஆகிறது. அது சிதைந்து ஆல்டிஹைடைத் தருகிறது. அந்த ஆல்டிஹைடு ஆர்என்ஏவின் காரங்களோடு ஒட்டிக்கொள்கிறது. 2021-இல் மாடர்னா ஆய்வாளர்கள் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள். லிப்பிட் ஒட்டிய இழை அறுபடுவதில்லை, நீளம் மாறாது. ஆனால் ரைபோசோமால் அதைப் படிக்க முடியாது. நீளத்தை மட்டும் பார்க்கும் மின்புலப் பிரிகைக்கு இது தெரியாமலே போய்விடும்.

முதல் படி: எத்தனை குப்பிகள் வேண்டும்?

தொடங்கிய பிறகு குப்பி தீர்ந்துபோவது இந்த ஆய்வுகளில் அடிக்கடி நடப்பது. கணக்கை முதலிலேயே போடுங்கள். ஒரு மாதிரித் திட்டம் (வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்):

−70 டிகிரியில் 1, 3, 6, 12 மாதங்கள்
−20 டிகிரியில் 1, 3, 6 மாதங்கள்
5 டிகிரியில் 1, 2, 4, 8, 12 வாரங்கள்
25 டிகிரியில் 1, 3, 7, 14 நாட்கள்
40 டிகிரியில் 1, 3, 7 நாட்கள்

தொடக்க நாளையும் சேர்த்தால் 20 எடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று குப்பிகள்: இரண்டு சோதனைக்கு, ஒன்று சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்க. அது 60. உறைதல், உருகுதல் சுழற்சிக்கு (1, 3, 5 முறை) இன்னும் 9. உடைவதற்கும் தவறுவதற்கும் சேர்த்து 80 என்று வையுங்கள். குப்பிக்கு 0.5 மில்லி, மில்லிக்கு 0.1 மில்லிகிராம் ஆர்என்ஏ என்றால் மொத்தம் 40 மில்லி, 4 மில்லிகிராம் ஆர்என்ஏ. இத்தனையும் ஒரே பேட்ச்சிலிருந்து வர வேண்டும்.

ஒப்பீட்டு மாதிரி (ஒவ்வொரு வீரியச் சோதனையிலும் அளவுகோலாக வைக்கும் மாதிரி) இந்தக் கணக்கில் சேராது. அதைத் தனியாக 0.1 மில்லி குழாய்களில் பிரித்து, −70 டிகிரியிலோ அதற்குக் கீழோ வையுங்கள். ஒரு சோதனைக்கு ஒரு குழாய். மீதியை மறுபடி உறைய வைக்கக் கூடாது. வீரியம் என்பது எப்போதும் இந்த மாதிரியோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் எண். ஒப்பீட்டு மாதிரி மெல்லக் கெட்டால், சோதிக்கப்படும் குப்பிகள் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் ஆர்என்ஏ முழுமையையும் துகள் அளவையும் தனியாகப் பாருங்கள்.

இரண்டாம் படி: பஃபரும் உறைய வைப்பதும்

தொடங்குவதற்கு ஏற்ற பஃபர்: 20 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.4 முதல் 7.5, அதில் 8 முதல் 10 விழுக்காடு சுக்ரோஸ். சோடியம் பாஸ்பேட் பஃபர் உறையும்போது டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும்; எஞ்சிய திரவத்தின் பிஎச் வெகுவாக இறங்கும். அயனியாகும் லிப்பிடின் பிகேஏ (அதில் பாதி மின்னூட்டம் பெற்றிருக்கும் பிஎச்) 6 முதல் 7-க்குள் இருப்பதால் பிஎச் இறங்கினால் அது நேர்மின்னூட்டம் பெறும், துகள்கள் ஒன்றோடொன்று இணையத் தொடங்கும். கோமிர்னாட்டியின் பாஸ்பேட் வடிவத்துக்கு 2 முதல் 8 டிகிரியில் முதலில் 5 நாட்களும் பின்னர் ஒரு மாதமும்தான் அனுமதிக்கப்பட்டன. ட்ரிஸ் வடிவத்துக்கு 10 வாரம் கிடைத்தது.

ட்ரிஸிலும் ஒரு கண்ணி உண்டு. வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் அதன் பிஎச் சுமார் 0.028 கூடும். 25 டிகிரியில் 7.5 என்று சரிசெய்த பஃபர், 5 டிகிரியில் 8-ஐத் தொட்டுவிடும். எந்த வெப்பநிலையில் பிஎச் அளந்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். இன்னொன்று: ட்ரிஸ் பஃபரை டிஇபிசி (ஆர்என்ஏவை வெட்டும் நொதிகளை முடக்கும் வேதிப்பொருள்) கொண்டு சுத்தம் செய்ய முடியாது, இரண்டும் வினைபுரியும். அத்தகைய நொதி, அதாவது நியூக்ளியேஸ், இல்லாத நீரை வாங்கி அதில் தயாரியுங்கள். ஆர்என்ஏஸ் நொதி ஆட்டோகிளேவையும் தாங்கும் என்பதால் கொதிக்க வைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம்.

உறைய வைக்கும்போது எல்லாக் குப்பிகளுக்கும் ஒரே வேகம் கிடைக்க வேண்டும். 80 குப்பிகளை ஒரே அட்டைப்பெட்டியில் நெருக்கி ஃபிரீசரில் வைத்தால் ஓரத்துக் குப்பி விரைவாகவும் நடுக்குப்பி மெதுவாகவும் உறையும். மெதுவாக உறையும் குப்பியில் பனிப்படிகங்கள் துகள்களை மீந்த திரவத்துக்குள் நீண்ட நேரம் நெருக்கித் தள்ளும். உலோகத் தட்டில் இடைவெளி விட்டு ஒரே அடுக்காக உறைய வைத்து, பிறகு பெட்டிக்கு மாற்றுங்கள்.

உலர்பனியில் அனுப்புவதாக இருந்தால் மூடியைக் கவனியுங்கள். மிகக் குறைந்த வெப்பநிலையில் ரப்பர் மூடி நெகிழ்ச்சியை இழந்து லேசாகக் கசியலாம். கார்பன் டைஆக்சைடு உள்ளே புகுந்து உருகியதும் பிஎச்சை இறக்கிவிடும். அனுப்பித் திரும்பிய குப்பி ஒன்றில் பிஎச் அளப்பதை வழக்கமாக்குங்கள்.

மூன்றாம் படி: உருகவைத்தல், பார்த்தல்

25 டிகிரியில் 30 நிமிடம், அல்லது குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம். எதைத் தேர்ந்தாலும் ஆய்வு முழுக்க அதையே பின்பற்றுங்கள். பிறகு மெதுவாகப் பத்து முறை தலைகீழாக்குங்கள். குலுக்கக் கூடாது, வோர்டெக்ஸ் கூடவே கூடாது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் துகள்கள் சிதைந்து திரளும். கறுப்புப் பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் பார்த்துக் கட்டிகள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். லேசான பால்நிறம் இயல்பானது. சோதனைகள் அனைத்தையும் அதே நாளில் தொடங்குங்கள்.

நான்காம் படி: துகளின் அளவு

டிஎல்எஸ் (ஒளிச்சிதறலைக் கொண்டு துகள் அளவைக் கணிக்கும்) கருவியில் மாதிரியை அதே பஃபரில் 50 முதல் 100 மடங்கு நீர்த்து, 25 டிகிரியில் இரண்டு நிமிடம் காத்திருந்து மூன்று முறை அளவிடுங்கள். பஃபரை முன்கூட்டியே 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள். மாதிரியை வடிகட்டக் கூடாது, தேடும் திரளே வடிகட்டியில் நின்றுவிடும். துகள்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் பிடிஐ 0.2-க்குள் இருந்தால் நல்லது.

புதியவர்கள் தவறும் இடம் பாகுநிலை. 10 விழுக்காடு சுக்ரோஸின் பாகுநிலை 25 டிகிரியில் நீரைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகம். கருவியில் நீரின் மதிப்பை அப்படியே விட்டுவிட்டால் 80 நானோமீட்டர் துகள் 105 என்று தெரியும். ஒரு மாதம் சுக்ரோஸ் பஃபரிலும் அடுத்த மாதம் வெறும் பஃபரிலும் நீர்த்தால், துகள் சுருங்கிவிட்டதாக ஒரு பொய்யான போக்கு கிடைக்கும்.

ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால் மிகச் சில பெரிய திரள்களே சராசரியை இழுத்துவிடும். சராசரி அளவு அசையாமல் பிடிஐ மட்டும் 0.10-லிருந்து 0.18-க்கு ஏறினால் அது திரளுதலின் தொடக்கமாக இருக்கலாம். அடுத்த எடுப்பை முன்கூட்டிச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: எவ்வளவு ஆர்என்ஏ, எவ்வளவு உள்ளே

ரைபோகிரீன் சாயம் ஆர்என்ஏவோடு சேர்ந்தால் ஒளிரும். துகளுக்குள் அதனால் நுழைய முடியாது. இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகிறோம். மாதிரியை டிஇ (ட்ரிஸ்-இடிடிஏ) பஃபரில் மில்லிக்கு சுமார் 0.5 மைக்ரோகிராம் வரை நீர்த்துங்கள். ஒரு வரிசையில் வெறும் டிஇ, இன்னொன்றில் துகளை உடைக்கும் சலவைப்பொருளான ட்ரைட்டான் எக்ஸ்-100 1 விழுக்காடு சேர்த்த டிஇ. 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்துத் துகள் உடைந்ததும், 200 மடங்கு நீர்த்த சாயத்தைச் சம அளவில் சேர்த்து, இருட்டில் 5 நிமிடம் விட்டு, சுமார் 485-இல் தூண்டி 528 நானோமீட்டரில் அளவிடுங்கள்.

ட்ரைட்டான் சாயத்தின் ஒளியையே மாற்றும். எனவே ட்ரைட்டானோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு தர வளைவுகள் கட்டாயம். மொத்தம் 102 மைக்ரோகிராம், வெளியே 5 என்று கிடைத்தால், (102 − 5) ÷ 102, அதாவது 95 விழுக்காடு பொதிந்திருக்கிறது.

மொத்த அளவு திடீரென்று குறைந்தால் ஆர்என்ஏ காணாமல்போனது என்று முடிவுகட்டுவதற்கு முன், ட்ரைட்டான் துகளை முழுக்க உடைத்ததா என்று பாருங்கள். இன்னொரு பக்கம், அறுந்த துண்டுகளோடும் சாயம் சேரும். எனவே ஆர்என்ஏ பாதிக்குப் பாதி அறுந்திருந்தாலும் இந்தச் சோதனை செறிவு மாறவில்லை என்றே சொல்லக்கூடும்.

ஆறாம் படி: இழை முழுதாக இருக்கிறதா?

லிப்பிடை நீக்கித்தான் இழையைப் பார்க்க வேண்டும். அமோனியம் அசிட்டேட் கலந்த ஐசோப்ரோப்பனாலில் மாதிரியை ஊற்றினால் லிப்பிடுகள் கரைந்து நிற்கும், ஆர்என்ஏ படியும். சுழற்றி, கழுவி, லேசாக உலர்த்தி, நியூக்ளியேஸ் இல்லாத நீரில் கரையுங்கள். ஃபார்மமைடில் 70 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்கி, உடனே பனிக்கட்டியில் வைத்து, கேபிலரி மின்புலப் பிரிகையில் ஓட்டுங்கள்.

துகளுக்குள் இருக்கும்வரை ஆர்என்ஏஸ் நொதி இழையை எளிதில் தொட முடியாது. துகளைக் கரைத்த கணத்திலிருந்துதான் ஆபத்து. அதனால் துகளில் சேர்க்காத, நல்ல எம்ஆர்என்ஏ ஒன்றையும் இதே பிரித்தெடுப்புக்கு உட்படுத்துங்கள். அதுவும் அறுந்திருந்தால் குற்றவாளி உங்கள் பிரித்தெடுப்பு முறை. சேமிப்பைப் பழிக்க முடியாது.

பிரிகையின் வரைபடத்தில் முழு இழையைக் காட்டும் முதன்மை உச்சியின் எல்லைகளை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை முதல் நாளே எழுதி வைத்து, எல்லா மாதமும் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கண்ணளவில் எல்லை போட்டால் சில விழுக்காடு மாறுவது சாதாரணம். லிப்பிட் ஒட்டிய இழைகளைப் பார்க்க அயனி-இணை ரிவர்ஸ் ஃபேஸ் எச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) வேண்டும். அவை முதன்மை உச்சிக்குப் பின்னால் தாமதமாக வெளிவரும். ஆய்வகத்தில் ஒரே ஒரு கூடுதல் முறைக்குத்தான் வசதி உண்டு என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: வீரியம்

ஹெச்இகே293டி அல்லது ஹெப்ஜி2 என்ற மனித செல் வகைகளை 96 குழித் தட்டில் குழிக்குச் சுமார் 30,000 வீதம் முந்தின நாள் மாலை பரப்புங்கள். செல்கள் எத்தனையாவது தலைமுறை என்பதற்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். வயதான செல்கள் துகளை வேறுவிதமாக உள்வாங்கும். ஓரக் குழிகளில் நீர் ஆவியாவதால் உள்ளே இருக்கும் 60 குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

குழிக்கு 200 நானோகிராமில் தொடங்கி இருமடங்காக நீர்த்தால் எட்டுப் புள்ளிகள்: 200, 100, 50 என்று 1.6 வரை. வளைவின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் (இரு முனைகளிலும் அது சமமாகும் பகுதிகள்) தெரியவில்லை என்றால் தொடக்க அளவை மாற்றுங்கள். 18 முதல் 24 மணி நேரம் கழித்து, உருவான ஆன்டிஜெனை ஃப்ளோ சைட்டோமெட்ரியிலோ எலிசாவிலோ அளவிடுங்கள். ஆன்டிபாடி புரதத்தின் இயல்பான மடிப்பை அடையாளம் காண்பதாக இருக்க வேண்டும். எந்தத் துண்டையும் பிடிக்கும் ஆன்டிபாடி, அரைகுறைப் புரதத்தையும் எண்ணிவிடும்.

இந்தச் சோதனையில் முடிவைச் சத்தமில்லாமல் கெடுக்கும் தேர்வுகள் மூன்று உண்டு.

முதலாவது, சீரம். பல லிப்பிட் நானோதுகள்கள் ஏபோஇ என்ற புரதத்தை மேலே போர்த்திக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகின்றன. சீரம் இல்லாத ஊடகத்தில் வீரியம் மிகக் குறைவாகத் தெரியும்; சீரத்தின் பேட்ச் மாறினாலும் எண் மாறும். ஒரே சீரம் பேட்ச்சை ஆய்வு முடியும்வரை ஒதுக்கி வையுங்கள், அல்லது அளந்த ஏபோஇ சேருங்கள்.

இரண்டாவது, துகளிலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, கடையில் வாங்கிய டிரான்ஸ்ஃபெக்ஷன் ரீஏஜென்டால் செல்லுக்குள் செலுத்துவது. அது ஆர்என்ஏவை மட்டும் சோதிக்கும். துகள் நுழைகிறதா, அதை உள்வாங்கிய எண்டோசோம் பையிலிருந்து ஆர்என்ஏ வெளியேறுகிறதா என்ற கேள்விகள் விடுபட்டுப்போகும். விளக்கம் தேடும்போது இதைத் துணைச் சோதனையாகச் செய்யலாம். வீரியச் சோதனை என்று அழைக்கக் கூடாது.

மூன்றாவது, நீர்த்தலின் அடிப்படை. அன்றைய ரைபோகிரீன் செறிவை வைத்து நீர்த்தினால், ஆர்என்ஏ குறைந்த குப்பிக்குக் கூடுதல் கனஅளவு போகும், குறை மறைந்துவிடும். தடுப்பூசி போடும்போது கனஅளவைத்தான் அளக்கிறார்கள். நீங்களும் லேபிள் செறிவின்படி கனஅளவால் நீர்த்துங்கள்.

ஒப்பீட்டு மாதிரியையும் சோதனை மாதிரியையும் ஒரே தட்டில், இடம் மாற்றி மாற்றி வையுங்கள். நான்கு அளவுரு வளைவைப் பொருத்தி, ஒப்பீட்டின் இசி50-ஐ (பாதி விளைவைத் தரும் அளவை) மாதிரியின் இசி50-ஆல் வகுத்தால் சார்பு வீரியம். ஒப்பீடு 12 நானோகிராம், மாதிரி 16 என்றால் 0.75. ஆனால் இரண்டு வளைவுகளும் இணையாக இருந்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. மாதிரியின் மேல்தட்டே தாழ்ந்துவிட்டால் இசி50 மாறாமல் இருந்தும் வீரியம் போயிருக்கலாம். வளைவுகளின் சாய்வையும் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் முதலில் சோதித்து, பொருந்தாவிட்டால் சார்பு வீரியத்தைக் கணக்கிடாமல் காரணம் தேடுங்கள்.

செல் சோதனையில் ஒரு ஓட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் 20 விழுக்காடு சிதறல் இருந்தால், ஒரே ஓட்டத்தை வைத்து 10 விழுக்காடு இழப்பைப் பற்றிப் பேச முடியாது. வெவ்வேறு நாட்களில் மூன்று ஓட்டங்கள் செய்து பெருக்கல் சராசரி எடுத்தால் சிதறல் 12 விழுக்காட்டுக்குள் வரும்.

இதையெல்லாம் தொடங்குமுன், சோதனையால் கெடுதலைக் காண முடிகிறதா என்று நிரூபித்துக்கொள்ளுங்கள். 40 டிகிரியில் 1, 3, 7 நாட்கள் வைத்த குப்பிகளில் வீரியம் படிப்படியாக இறங்க வேண்டும். நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்த ஒரு மாதிரியிலும் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்தச் சோதனையோடு ஓராண்டு ஆய்வில் இறங்காதீர்கள்.

எண்களைச் சேர்த்துப் படிப்பது

வீரியம் குறைந்து, இழையின் முழுமையும் குறைந்தால் நீராற்பகுப்பு; பிஎச்சையும் வெப்பநிலைப் பதிவையும் பாருங்கள். வீரியம் குறைந்து, அளவும் பிடிஐயும் கூடினால் துகள்கள் இணைகின்றன. உறைய வைத்த வேகம், சுக்ரோஸ் அளவு, குலுக்கல் ஆகியவற்றைத் தேடுங்கள். பொதிவு விழுந்தால் பெரும்பாலும் உறைதல், உருகுதலில் துகள் கிழிந்திருக்கும்.

எல்லாமே சரியாக இருந்து வீரியம் மட்டும் விழுந்தால், முதலில் செல்களைச் சந்தேகியுங்கள். அவை சரி என்றால் எச்பிஎல்சியில் தாமத உச்சியைத் தேடுங்கள். அதன் பிறகு எச்பிஎல்சியில் ஆவியாக்கல் ஒளிச்சிதறல் உணரியோடோ மின்னேற்ற ஏரோசால் உணரியோடோ லிப்பிடுகளை அளந்து, அயனியாகும் லிப்பிட் குறைந்திருக்கிறதா, என்-ஆக்சைடு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பொருளாக வாங்கிய லிப்பிடிலேயே பெராக்சைடு மாசு இருந்திருக்கலாம். அந்த லாட்டின் எண்ணைப் பதிந்து வைத்திருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

ஆயுட்காலத்தைக் கணிப்பது

25 டிகிரியிலும் 40 டிகிரியிலும் கிடைத்த வேகத்தை வைத்து அரீனியஸ் கோடு (வினைவேகம் வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டும் கோடு) வரைந்து −20-இன் ஆயுளைச் சொல்ல முடியாது. நடுவில் நீர் உறைகிறது. கெடும் வழியே மாறுகிறது. உறையும்போது செறிவாகும் சுக்ரோஸ் கரைசல் கண்ணாடி நிலைக்குப் போவது சுமார் −32 டிகிரியில். −20-இல் துகள்களைச் சுற்றி இன்னும் நகரக்கூடிய, செறிவான திரவம் இருக்கிறது. அதனால் சில ஃபார்முலேஷன்களில் −20-இல் துகள் திரள்வது 5 டிகிரியைவிட வேகமாகவும் இருக்கலாம். உயர் வெப்பநிலைத் தரவுகளைக் கெடும் வழியை அறியப் பயன்படுத்துங்கள். காலாவதித் தேதிக்கு உண்மையான சேமிப்பு வெப்பநிலையில், உண்மையான காலத்தில் எடுத்த தரவுதான் வேண்டும். மருந்துத் தரங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐசிஎச்சின் க்யூ5சி வழிகாட்டி உயிரியல் பொருட்களுக்குச் சொல்வதும் இதுவே.

வீரியத்தின் மடக்கை மதிப்பைக் காலத்துக்கு எதிராக வரைந்து, 95 விழுக்காடு நம்பிக்கை எல்லையின் கீழ்க்கோடு ஏற்கத்தக்க குறைந்தபட்ச வீரியத்தை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். சராசரிக் கோடு வெட்டும் இடத்தை எடுத்தால் ஆயுளைக் கூட்டிச் சொன்னவர்கள் ஆவீர்கள்.

உறைநிலைக் காலமும் குளிர்பெட்டிக் காலமும் தனித்தனியாக அளக்கப்பட்டு இரண்டும் தேர்ச்சி பெற்றாலும், பயனாளிக்குக் கிடைப்பது இரண்டையும் அடுத்தடுத்துக் கடந்த குப்பி. எனவே −70-இல் 12 மாதம் முடித்த குப்பிகளில் ஒரு பகுதியை 5 டிகிரிக்கு மாற்றி, அனுமதிக்கப்போகும் வாரங்கள் முழுதும் வைத்து, கடைசி நாளில் வீரியம் பாருங்கள். இதற்கென 9 குப்பிகளை மேலே சொன்ன 80-உடன் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஓராண்டு கழித்து அவற்றைப் புதிதாக உருவாக்க முடியாது.